ஜமக்காளமும் குழந்தையும்

சென்ற மாதம் கோயமுத்தூருக்குப் போயிருந்தபோது, பழைய சிநேகிதர் ஒருவருடைய வீட்டில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும்படி நேர்ந்தது. சிநேகிதர் புது வீடு கட்டிக் குடிபோய் மூன்று வருஷமாகிறது. கிருஹப்பிரவேசத்துக்கு நாம் வர முடியாமற் போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே, வாசற்படி முதல் மொட்டை மாடி வரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, நாம் இழந்தது எவ்வளவு என்பதை நன்றாக உணர்த்தினார். கடைசியில் கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். கூடத்தின் நடுவில், நான்கு புறமும் சுவரோரமாக ஒரு முழம் இடம் விட்டு, இளஞ்சந்தன நிறத்தில் தடித்த கம்பளம் ஒன்று விரித்திருந்தது. கால் வைத்தால் கணுக்கால் வரையில் புதைந்துவிடுமோ என்று தோன்றிற்று.

"பார்த்தீர்களா? மூன்று வருஷம் ஆகிறது. நேற்று வாங்கினது போல் இல்லை?" என்றார் சிநேகிதர்.

வாஸ்தவந்தான், புதிதாகவே இருந்தது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது சற்று நேரத்தில் விளங்கிவிட்டது. சமையலறைப் பக்கத்திலிருந்து சிநேகிதருடைய குழந்தை, இரண்டு வயதுப் பெண், தத்தித் தத்தி நடந்து வந்தாள். கம்பளத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். பிறகு அந்த ஒரு முழ இடைவெளியில், சுவரைக் கையால் தொட்டுக்கொண்டே, கூடம் முழுவதையும் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தாள். "ஓரமாவே வா சாமி, ஓரமாவே வா" என்று பாட்டியார் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். நாம் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டோம். அவள் கம்பளத்தைச் சுட்டிக்காட்டி, "அப்பா அடி" என்றாள்.

சிநேகிதர் சிரித்தார். "ஒரே ஒரு தடவைதான்! பாலைக் கொட்டிவிட்டாள். அதற்கப்புறம் அதன்மேல் கால் வைப்பதே இல்லை, மகா கெட்டிக்காரி!" என்றார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிநேகிதரைக் குறை கூறும் யோக்கியதை நமக்கு உண்டா என்பது வேறு விஷயம். அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

வீட்டில் பெரியவர்களுக்கு நாற்காலி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. குழந்தைக்கு இருப்பது தரை ஒன்றுதான். குப்புற விழுவதும், தவழ்வதும், எழுந்து நிற்பதும், விழுவதும், மறுபடி எழுவதும் எல்லாம் அங்கேதான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், ஒரு காலை மடக்கி, கைகளைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் பிராயத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று தனியாக ஒரு பெயரே வைத்தார்கள். தரையில்லாவிட்டால் அந்தப் பருவம் ஏது? ஆகவே, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் விரிப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரேனும் நம்மைக் கேட்டால், குழந்தையை விரிப்பிலிருந்து விலக்கி வைப்பது அதற்கு வழியல்ல என்பதை முதலில் சொல்லிவிடுவோம். குழந்தைக்காக விரிப்பே ஒழிய, விரிப்புக்காகக் குழந்தை இல்லை.

இன்னொன்று. அந்தக் கம்பளம் சுத்தமாக இருந்ததா? சிநேகிதர் காப்பி விஷயமாக உள்ளே போனதும், அவருடைய மனைவியார் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க அண்ணா, இதைப் பெருக்கிப் பெருக்கித் தோள்பட்டையே விட்டுப்போச்சு. துவைக்கலாம்னா ஆள் ரெண்டு பேர் வேணும் தூக்கறதுக்கு. கீழே என்ன இருக்குதுன்னு பாருங்க." ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். மேலே சந்தன நிறம். அடியிலே, சலித்த கேழ்வரகு மாவைப் போல நேர்த்தியான தூசி படிந்திருந்தது. மூன்று வருஷத்துத் தெருவும் மூன்று வருஷத்துக் காற்றும் அங்கே பத்திரமாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தன.

மயிர்க் கம்பளங்களின் இயல்பே அதுதான். நிமிர்ந்து நிற்கும் இழைகளுக்கு நடுவே தூசி இறங்கிவிடுகிறது; மேலே கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. அந்தத் தூசியிலே மனிதருடைய உடம்பிலிருந்து உதிரும் தோலின் துணுக்குகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைத் தின்று ஜீவிப்பது தூசி உண்ணி என்னும் எட்டுக் கால் பிராணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் நீளம், கண்ணுக்குத் தெரியாது, கடிப்பதும் இல்லை. ஆனால் அதன் எச்சம் மிக நுண்ணிய பொடியாகக் காற்றில் கிளம்பி மூக்கில் ஏறினால், அது ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குத் தும்மலும், மூக்கடைப்பும், இளைப்பும் உண்டாகின்றன. இளைப்பு நோய்க்குக் கம்பளம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், ஏற்கெனவே இளைக்கும் குழந்தையைத் தூசிக் கம்பளத்தின்மேல் புரள விடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுவதேயாகும்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பில் ஏற்றுக்கொள்கிறது. ஈரம் குறைந்து காற்று உலர்ந்துபோனால் வற்றிச் செத்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி முதலிய கடலோரப் பட்டணங்களில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காற்றே ஈரமாக இருப்பதால், அங்கே அதற்குக் கொண்டாட்டந்தான். தடித்த கம்பளம் என்பது குளிர்ச்சியான, காற்று உலர்ந்த தேசங்களில் காலுக்குக் கதகதப்புத் தருவதற்காக ஏற்பட்ட பொருள். சித்திரை வெயிலில் வியர்த்துக்கொண்டே அதன்மேல் உட்காருவதில் என்ன சுகம் என்பதைச் சிநேகிதரிடம் கேட்க நினைத்து, காப்பி வந்துவிட்டபடியால் விட்டுவிட்டோம்.

கம்பளத்திலிருந்து தூசியைப் பிரிப்பதற்கு மேல்நாட்டார் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1876-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மெல்வில் பிஸ்ஸல் என்பவர், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் துடைப்பம் வைத்த தள்ளுபெட்டி ஒன்றைச் செய்தார். பிறகு இங்கிலாந்தில் ஹியூபர்ட் ஸெஸில் பூத் என்ற என்ஜினீயர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு யந்திரத்தைக் கண்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தாராம். ஒரு சாப்பாட்டுக் கடையில், மெத்தை வைத்த ஆசனத்தின்மேல் கைக்குட்டையைப் போட்டு, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். புரையேறிவிட்டது, ஆனால் கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது! 1901-ல் அவர் செய்த யந்திரத்தைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்த, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுத் தூசியை உறிஞ்சுவார்கள். மறு வருஷம், ஏழாம் எட்வர்டின் பட்டாபிஷேகத்துக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் விரித்திருந்த கம்பளத்தையே அதுதான் சுத்தம் செய்தது. சக்கரவர்த்தியின் காலடியிலும் தூசி இருந்தது என்பதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இப்போது அந்த யந்திரம் குடத்தளவுக்குச் சுருங்கிப் பல வீடுகளிலும் வந்துவிட்டது. உபயோகமான கருவிதான், ஐயமில்லை. ஆனால் வடிகட்டி நல்லதாக இல்லாவிட்டால், பருந்தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்பக்கத்தால் அறை முழுவதும் தெளித்துவிடும். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஓட்டுவது கூடாது. ஓட்டி முடித்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஒரு நாழிகையாவது கழிந்த பிறகே உள்ளே விடவேண்டும்.

நம் தேசத்தில் இந்தக் கஷ்டம் அதிகம் ஏற்படாமற்போனதற்குக் காரணம், நாம் பெரிய புத்திசாலிகள் என்பதல்ல. நாம் விரித்தது பாயும் ஜமக்காளமும். அவற்றைக் காலையில் சுருட்டி வைப்பதும், மாலையில் உதறி விரிப்பதும் வழக்கம். சுருட்ட முடியாத விரிப்பை நம் பாட்டிமார் விரிப்பென்றே ஒப்பியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பவானியில் இறங்கினோம். காவிரியும் பவானியும் கூடுகிற கூடுதுறையில் கால் நனைத்துவிட்டு, தறிகளுள்ள ஒரு தெருவுக்குப் போனோம். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, பருத்த நூலால் சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக நெய்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். பவானி ஜமக்காளம் ஏன் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு உகந்தது என்பதை அங்கே நின்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஊடு நூலை நெருக்கி நெருக்கி அடிப்பதால் பாவு நூல் வெளியே தெரியாதபடி மறைந்துவிடுகிறது. மேலே நிமிர்ந்து நிற்கும் இழை கிடையாது. ஆகவே தூசி ஒளிந்துகொள்ள இடமும் மிகக் குறைவு. பட்டை போட்டு நெய்ததற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்; ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். பஞ்சு நூலாதலால் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அஞ்சுவதில்லை.

இந்த ஜமக்காளத்துக்கு 2005-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் முன்பே, 1985-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இப்போது அவ்வாறு ஒதுக்கியுள்ள பதினொரு வகைத் துணிகளில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டியதைப் "பவானி" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். "விலை குறைவாக இருக்கிறதென்று அதை வாங்கிப் போகிறார்கள், இரண்டு வெளுப்பு வெளுத்ததும் எங்களைத் திட்டுகிறார்கள்" என்றார் தறியிலிருந்த பெரியவர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, கோ-ஆப்டெக்ஸிலோ கேட்டு வாங்குவது நல்லது. வாங்கும்போது, கூடம் முழுவதையும் மூடும் ஒன்றை வாங்காதீர்கள். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய் உதறக்கூடிய அளவில், ஆறடிக்கு மூன்றடியாக இரண்டோ மூன்றோ வாங்குங்கள். ஒன்று விரிப்பிலும், ஒன்று கொடியிலும், ஒன்று பரணிலும் இருக்கட்டும்.

இனி, வைத்துக்கொள்ளும் விதம். அழுக்கு விரிப்பில் பிறப்பதில்லை. வாசல் வழியாகக் காலோடு வருகிறது. செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவி, துடைத்துக்கொண்டு உள்ளே வருகிற பழைய வழக்கம் ஒன்றைக் காப்பாற்றினாலே பாதி வேலை தீர்ந்தது. காலைக் கழுவிவிட்டு ஈரக் காலோடு ஜமக்காளத்தில் ஏறுகிறவர்களும் உண்டு. ஈரமும் தூசியும் சேர்ந்தால் சேறு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது!

தினந்தோறும் இரு முனைகளைப் பிடித்து வெளியே உதறவேண்டும். வாரம் ஒருமுறை கொடியில் போட்டுப் பிரம்பால் அடிக்கவேண்டும். அடிப்பதற்கு முன் உச்சி வெயிலில் சில மணி நேரம் காயவிடுதல் உத்தமம். வெயிலில் உண்ணி சாகிறது. ஆனால் செத்த உண்ணியும் எச்சமும் துணியிலேதான் கிடக்கின்றன. அடித்தால்தான் அவை போகும். துவைத்தால் இன்னும் நன்றாகப் போகும். வெயிலின் சக்தியைக் குறித்து ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களும் சோதித்து, கோடை வெயிலில் கிடத்திய கம்பளங்களில் உண்ணிகள் மாண்டுபோவதைக் கண்டு 1994-ல் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஆராய்ச்சிக்குக் காத்திராமல் வெயிலில் போட்டு வந்தார்கள். வெயிலில் சாயம் வெளுக்குமே என்றால், வெளுக்கட்டும். வெளுத்த ஜமக்காளத்தில் உட்கார்ந்ததனால் கெட்டுப்போனவர் ஒருவரையும் நாம் அறியோம்.

துவைப்பது மாதம் ஒருமுறை. புது ஜமக்காளத்தை முதல் இரண்டு தடவை தனியாகவே, பச்சைத் தண்ணீரில் துவைக்கவேண்டும். சிவப்புச் சாயம் போகும். வீட்டிலுள்ள வெள்ளை வேட்டியை உடன் போட்டுவிட்டு நம்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். நனைந்த ஜமக்காளம் வீட்டு எஜமானருக்குச் சமமான கனம் கனக்கும். ஆகவே அதைப் பிழிவதும், தூக்கிக் கொடியில் போடுவதும் எஜமானருடைய வேலையாகவே இருப்பது பொருத்தம். "பெண்பிள்ளைகள் வேலை" என்று சொல்லிப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், அந்தப் பத்திரிகை நம்முடையதாகவே இருந்தாலும், எழுந்திருக்க வேண்டியதுதான். குழந்தைகளுக்கும் இதில் பங்கு உண்டு. குளிக்கும் அறையிலோ, கிணற்றடிக் கல்லிலோ ஜமக்காளத்தை விரித்து, சோப்புத் தண்ணீரைக் கொட்டி, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களை மேலே ஏற்றி மிதிக்கவிட்டுப் பாருங்கள். வண்ணான் துறைக் கல்லில் அடித்தாலும் அவ்வளவு அழுக்குப் போகாது. அன்றைக்கு அவர்கள் இறங்க மாட்டோம் என்பார்கள். அது ஒன்றே இதிலுள்ள அசௌகரியம்.

கறைகளைப் பற்றி விவரமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வீடுகளில் குழந்தைகள் அடிபடுவதெல்லாம் இந்தக் கறைகளாலேதான். கறை பட்டவுடன் குழந்தையைப் பார்த்துக் கூச்சலிடும் நேரத்தில், ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்து ஒற்றினால் முக்கால் பங்கு கறை அப்போதே வந்துவிடும். ஒற்ற வேண்டுமே ஒழியத் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்குவதோடு அகலமாகவும் பரவும். ஒற்றும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரவேண்டும்.

பால் கொட்டினால் பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடவே கூடாது. பாலிலுள்ள புரதம் சூட்டில் இறுகி நூலோடு கட்டிக்கொள்ளும். பிறகு அதில் மூக்கைச் சுளிக்கும்படியான ஒரு வாடை நிலைத்துவிடும். முட்டைக்கும், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த இரத்தத்துக்கும் இதே விதிதான். பருப்புச் சோறு விழுந்தால் ஈரத்தோடு துடைக்காமல், கரண்டியின் ஓரத்தால் வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை உலரவிட்டுத் தேய்த்து உதிர்க்கலாம். ஆனால் பருப்பிலே மஞ்சள் இருக்கிறதே! மஞ்சள் கறையின்மேல் சோப்பைப் போட்டதும் அது சிவந்துபோவதைக் கண்டு பயப்படாத தாய்மார் இல்லை. பயப்பட வேண்டியதில்லை. மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? அதே வித்தைதான் இது. சோப்பின் காரம் சுண்ணாம்பின் வேலையைச் செய்கிறது. சோப்பு முழுவதும் போகும்படி அலசிவிட்டு வெயிலில் போட்டால் மஞ்சள் மங்கி, இரண்டொரு நாளில் இருந்த இடம் தெரியாமற் போகும். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது.

குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால், துணியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஒற்றி எடுக்கவேண்டும். பிறகு பச்சைத் தண்ணீர் தெளித்து மறுபடி ஒற்றவேண்டும். நாட்பட்டு நெடி ஏறியதற்கு, ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் கலந்து, முதலில் ஒரு மூலையில் சாயம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு தெளிக்கலாம். நெடிக்குக் காரணமான காரத்தை அந்தப் புளிப்பு அடக்கிவிடும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சிறுநீர் நாறுகிறதென்று பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் மார்பை அடைக்கும் விஷவாயு கிளம்பும். வினிகரோடு அதைச் சேர்ப்பதும் அதே போன்ற அபாயம்.

எண்ணெய்க் குளியலன்று குழந்தையின் முதுகிலிருந்து இறங்கிய எண்ணெய்க்குக் கடலை மாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் உதறுங்கள். எறும்பு வருமுன் உதறுவது முக்கியம். மெழுகு வர்ணக்கட்டியால் சித்திரம் எழுதிவிட்டால், பனிக்கட்டியை வைத்து மெழுகை இறுகச் செய்து சுரண்டவேண்டும். மீதியைத் தாளால் மூடி இஸ்திரிப் பெட்டியை இலேசாக வைத்தால் தாள் குடித்துவிடும். கோரைப் பாய்க்கு இதெல்லாம் தேவையில்லை. பத்தமடைப் பாயானாலும் சாதாரணப் பாயானாலும், ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்கலாம். மடித்தால் கோரை ஒடியும்.

ஏற்கெனவே கம்பளிக் கம்பளம் வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? தூக்கி எறியச் சொல்லும் துணிச்சல் நமக்கில்லை. ஈரானில், தெஹ்ரான் நகரத்தை அடுத்த ரே என்னும் பழைய ஊரில் சஷ்மே அலி என்ற ஊற்று இருக்கிறது. ஊரார் கம்பளங்களைக் கொண்டுவந்து அந்த ஓடும் நீரில் அலசி, பாறையின்மேல் வெயிலில் காயப்போடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. கம்பளத்தின் தாய்நாட்டிலேயே அதற்கு மருந்து தண்ணீரும் வெயிலுந்தான் என்பதைக் கவனியுங்கள். கம்பளி, மயிர், ஆகவே தலைமயிருக்கு எது ஆகுமோ அதுவே அதற்கும் ஆகும். பூந்திக்கொட்டை நீர் நல்லது; சலவைச் சோடா கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போடுவதைக் குழந்தை உள்ள வீட்டில் அடியோடு விட்டுவிடவேண்டும். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் ஒருபுறம். பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைவுள்ள சிசுக்களுக்கு அதன் ஆவியாலேயே இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து காமாலை காண்பதும் உண்டு. உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும். அவற்றிலும் வசம்பைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் துணியில் முடிந்து வையுங்கள்.

புதிதாகக் கம்பளி வாங்க எண்ணுகிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்கவேண்டும். வடக்கே மிர்ஜாப்பூர், படோஹி பிரதேசங்களில் முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளங்களில், சிறு விரல்கள் நுட்பமாக முடிச்சுப் போடும் என்று சொல்லிச் சிறுவர்களையே தறியில் உட்கார்த்தி வைத்த கொடுமை வெகுகாலம் நடந்தது. கைலாஷ் சத்யார்த்தி முதலானவர்கள் அதை எதிர்த்துப் பாடுபட்டு, குழந்தைகளின் உழைப்பில்லாமல் நெய்யப்பட்டது என்பதற்கு அடையாளமாக ரக்மார்க் என்னும் சீட்டை 1994-ல் ஏற்படுத்தினார்கள். அந்த முத்திரை இப்போது குட்வீவ் என்ற பெயரில் இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தை புரளுகிற கம்பளத்தை வேறு வீட்டுக் குழந்தை முதுகு வளைய நெய்திருக்கக்கூடாது அல்லவா?

பவானியிலிருந்து நாம் இரண்டு ஜமக்காளங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்பி வைத்தோம். கிருஹப்பிரவேசத்துக்கு வராத குற்றத்துக்கு அபராதம் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தோம். சிநேகிதரிடமிருந்து பதில் இல்லை. அவருடைய மனைவியார் மட்டும் எழுதியிருக்கிறார்: கம்பளத்தைச் சுருட்டி, வேப்பிலை வைத்துக் கட்டிப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டதாம். குழந்தை ஒரு வாரம் வரையில் ஜமக்காளத்தையும் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தாளாம். எட்டாவது நாள் சிநேகிதரே அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, முதுகில் ஏறி மிதிக்கும்படி கூப்பிட்டாராம்.

பேனா மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். பந்துமுனைப் பேனாவின் மையானால், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்து ஒற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் நம் வீட்டு ஜமக்காளத்தில் கொட்டியது பழைய காலத்து நீலக்கறுப்பு மை. இருபது வருஷத்துக்கு முன் நம்முடைய பையன் மைக்கூட்டைத் திறந்து, விரலைத் தோய்த்து, அப்போதுதான் கற்றுக்கொண்ட "அ"வன்னாவை ஜமக்காளத்தின் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு எழுதிவிட்டு, நம்மைக் கூப்பிட்டுக் காட்டினான். நாம் அவன் கையில் இரண்டு அடி வைத்தோம். மோரும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. திருப்பிப் போட்டோம், மை ஊறிப்போய் மறுபுறத்திலும் "அ" இடவலம் மாறித் தெரிந்தது.

இப்போது அவன் பெங்களூரில் உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற பொங்கலுக்கு வந்தபோது, கட்டிலை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து அந்த ஜமக்காளத்தைத் தேடி எடுத்து விரித்துப் படுத்துக்கொண்டான். காலையில் நாம் எழுந்து பார்த்தபோது, அதை உதறி, "அ" நேராகத் தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி மடித்துக் கொடியில் போட்டிருந்தான்.